குழம்புக்கு ஒயின், ஒயினுக்கு நியாய விலை: டர்பனில் விருந்து நடத்த ஒரு முழு வழிகாட்டி

நான்கு வருடங்களுக்கு முன் தென்னாப்பிரிக்காவில் டர்பனின் வடக்குக் கரையோரம் ஒரு பெரிய உணவகத்தில் ஒயின் விருந்துக்குப் போயிருந்தோம். தலைக்கு 650 ராண்ட். ஐந்து வகை உணவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயின் என்று சொல்லியிருந்தார்கள். உணவில் ஒரு குறையும் இல்லை. ஒயின் மட்டும் கிளாஸின் அடியை நனைக்கிற அளவுக்குத்தான் வந்தது. மூன்றாவது சுற்றில் பரிமாறியவர், "இது பிடித்திருந்தால் முழு பாட்டில் கொண்டுவரட்டுமா?" என்று கேட்டார். எங்கள் மேசையிலிருந்த மாமா சரி என்று தலையாட்டினார். விலையை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பில் வந்தபோது அந்த ஒரு பாட்டில் மட்டும் 780 ராண்ட். மறுநாள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் அதே பாட்டிலை 210 ராண்டுக்குப் பார்த்தேன். மாமா அதற்கப்புறம் எந்த ஒயின் விருந்துக்கும் வந்ததில்லை.

அந்தப் பில்தான் என்னை இந்த வேலைக்குள் கொண்டுவந்தது. ஒரு சிறிய குடும்ப உணவகத்தோடு சேர்ந்து வருடத்துக்கு இரண்டு மூன்று விருந்து நடத்துகிறோம். முப்பது பேர், ஐந்து ஒயின், நம் வீட்டுச் சமையல். உணவகம் வைத்திருப்பவர்களுக்கும், சங்கம், கல்லூரி நண்பர்கள் குழு என்று இதைப்போல் நடத்த நினைப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று நாங்கள் செய்யும் முறையை வரிசையாக எழுதுகிறேன். விலைப் பகுதி கொஞ்சம் நீளமாக இருக்கும். விருந்து நல்ல பெயர் எடுப்பதும் கெட்ட பெயர் எடுப்பதும் அங்கேதான்.

முதல் வேலை: தேதி

ஒயின் ஆட்கள் இதைச் சொல்லித்தர மாட்டார்கள், நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். புரட்டாசியில் நடத்தாதீர்கள். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை டர்பன் தமிழ்க் குடும்பங்களில் பாதிக்கு மேல் கறியும் தொடாது, மதுவும் தொடாது என்பது என் அனுபவம். தைப்பூசக் காவடிக்கும் பங்குனி உத்திரத்துக்கும் முந்தைய விரத நாள்களும் அப்படியே. ஈஸ்டர் சமயத்தில் மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயில் திருவிழா. வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம், வியாழனோ சனியோ வையுங்கள்.

எனக்குப் பிடித்த காலம் மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. வெக்கை இல்லை, ஒயின் மேசையில் சூடாகாது. ஜூன், ஜூலையில் தெற்குக் கரையில் சாளை மீன் ஓட்டமும் வரும். வாளியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடாத குடும்பம் இங்கே உண்டா? அந்த மீனை புளிக்குழம்பாக வைத்து ஒரு சுற்றுக்குக் கொடுத்தால், வந்தவர்கள் அதைப் பற்றித்தான் அடுத்த வாரம் முழுக்கப் பேசுவார்கள்.

கூடவே உரிமத்தையும் பார்த்துவிடுங்கள். உணவகத்துக்கு மது பரிமாறும் உரிமம் இருந்தால் சரி. கோயில் மண்டபத்திலோ சங்கக் கட்டடத்திலோ காசு வாங்கிக்கொண்டு பரிமாறுவதானால் மாகாண மது ஆணையத்திடம் தனி அனுமதி வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு சொட்டும் கிடையாது, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரி.

இரண்டாவது: உணவை முடிவு செய்த பிறகே ஒயின்

ஒயின் பண்ணைகள் நிறைந்த கேப் பக்கத்திலிருந்து வரும் விற்பனையாளர்கள் முதலில் ஒயின் பட்டியலை நீட்டி, "இதற்கு ஏற்ற மாதிரி சமையுங்கள், காரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. நம் குழம்பு நம் குழம்பாகவே இருக்கட்டும். அதற்கு ஏற்ற ஒயின் இந்த நாட்டிலேயே இருக்கிறது. எதை எதோடு சேர்ப்பது என்பதற்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும்.

முதலில் காரம். மிளகாயின் காரத்தை நாக்கில் உணர்த்தும் அதே நரம்புதான் ஆல்கஹாலின் எரிச்சலையும் உணர்த்துகிறது. 14.5 சதவீத ஆல்கஹால் உள்ள கேபர்னே சாவின்யோன் என்னும் கனமான சிவப்பு ஒயினை ஆட்டுக்கறிக் குழம்போடு குடித்தால் காரம் இரட்டிப்பாகும், ஒயினின் துவர்ப்பும் கசப்பாக மாறும். 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருப்பதையும் துவர்ப்பு குறைந்ததையும் தேடுங்கள். கொஞ்சம் இனிப்பு மிச்சமிருக்கும் ஒயின் காரத்தைத் தணிக்கும், பிரியாணிக்குத் தயிர் செய்கிற வேலைதான்.

அடுத்தது புளி. புளியில் இருக்கும் முக்கிய அமிலம் டார்டாரிக் அமிலம். திராட்சையிலும் முக்கியமானது அதேதான். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். புளிக்குழம்பும் ஒயினும் தூரத்துச் சொந்தமே இல்லை, ஒரே வீட்டுப் பிள்ளைகள். குழம்பு எவ்வளவு புளிப்போ அதே அளவு புளிப்பாவது ஒயினில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயின் தண்ணீர் மாதிரி சப்பென்று போய்விடும்.

கடைசியில் இனிப்பு. பலகாரத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும். அதனால்தான் பாகில் ஊறிய குலாப் ஜாமூனை எங்கள் விருந்திலிருந்து எடுத்துவிட்டோம். அதற்கு மேல் இனிக்கும் ஒயின் கிடைப்பது கஷ்டம்.

இந்த மூன்றையும் வைத்து நாங்கள் போட்ட வரிசை இது. வந்தவுடன் மெதுவடை, தேங்காய்ச் சட்னி, கூட ஒரு கேப் கிளாசிக். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைத்து நுரை வர வைக்கும் இந்த ஊர் ஒயின் அது, 1971-இல் ஸ்டெல்லன்பாஷில் சிமன்சிக் பண்ணையில் ஆரம்பித்த வழக்கம். எண்ணெய்ப் பலகாரத்துக்கு நுரை மிக நன்றாகப் போகும். பச்சை மிளகாயை மட்டும் குறையுங்கள், நுரை காரத்தைக் குத்தலாக்கும். இந்த ஒரு இடத்தில்தான் நான் சமையலறையிடம் கெஞ்சுவேன்.

இரண்டாவது சுற்று சாளைப் புளிக்குழம்பு, கொஞ்சம் சோறு, லேசான இனிப்புள்ள ஷெனின் ப்ளாங் என்னும் வெள்ளை ஒயின். தென்னாப்பிரிக்காவில் மிக அதிகமாகப் பயிராகும் திராட்சை இதுதான். பழைய ஆட்கள் 'ஸ்டீன்' என்பார்கள். விலை குறைவு, புளிப்பு நிறைய. நம் சமையலுக்கு ஒரே ஒரு ஒயின்தான் வாங்க முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்குங்கள்.

மூன்றாவது சைவச் சுற்று: சுகர் பீன்ஸ் குழம்பு, ரொட்டி, மதும்பி (சேப்பங்கிழங்கு) வறுவல், அதற்கு ரோஸே என்னும் இளஞ்சிவப்பு ஒயின். நான்காவது ஆட்டுக்கறி பிரியாணி. பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட நம் டர்பன் பிரியாணிதான், பக்கத்தில் தால், கேரட் சாம்பல்ஸ் என்னும் பச்சடி. இதற்கு ஸ்வார்ட்லாந்து பகுதியின் சின்சோ மாதிரி மெல்லிய சிவப்பு ஒயினைக் கொஞ்சம் குளிர வைத்துக் கொடுக்கிறோம். பினோடாஜும் போடலாம், மரப்பீப்பாய் வாசனை தூக்கலாக இல்லாததாகப் பாருங்கள். 1925-இல் பேராசிரியர் பெரோல்ட் பினோ நுவாரையும் சின்சோவையும் கலந்து உருவாக்கிய வகை அது. இந்த மண்ணில் பிறந்த திராட்சை என்று சொன்னாலே மேசையில் பேச்சு கிளம்பிவிடும்.

கடைசியில் சேமியா பாயசம், குளிரக் குளிர மஸ்கடெல் என்னும் இனிப்பு ஒயின். வீட்டில் ஆயாவுக்கு ஒரு சின்ன கிளாஸ் ஊற்றிக் கொடுத்தேன். "இது மருந்து மாதிரி இல்லையே, பழம் மாதிரி இருக்கே" என்றார்.

மூன்றாவது: எவ்வளவு வாங்குவது, யாரிடம் வாங்குவது

ஒரு பாட்டில் 750 மில்லி. விருந்தில் ஒரு ஊற்று 75 மில்லி, ஆக ஒரு பாட்டிலில் பத்துப் பேர். முப்பது பேருக்கு ஒரு ஒயினுக்கு மூன்று பாட்டில், நான்கு ஒயினுக்குப் பன்னிரண்டு. மஸ்கடெல் இனிப்பும் வலுவும் கூடியது, 40 மில்லி போதும். அதற்கு இரண்டு பாட்டில். மொத்தம் 14. கார்க் கெட்டு ஈரத்துணி வாசனை அடிக்கும் பாட்டில் ஒன்றாவது வரும், யாராவது ஒன்றைத் தட்டியும் விடுவார்கள், அதனால் மூன்று கூடுதல். ஆக 17. ஒருவருக்கு மொத்தம் 340 மில்லி, அரை பாட்டிலுக்கும் குறைவு. தாராளமாகவே இருக்கும்.

திறக்காத பாட்டில்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் விற்பனையாளராகப் பாருங்கள், ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பண்ணைகளுக்கே நேரடியாக எழுதினாலும் பதில் வரும். சிறிய பண்ணைகளுக்கு டர்பன் தூரத்துச் சந்தை. சாலை வழியில் 1,600 கிலோமீட்டர். முப்பது பேர் தங்கள் ஒயினை ருசித்துப் பார்ப்பது அவர்களுக்குப் பெரிய விஷயம், அதனால் நல்ல விலைக்கே தருவார்கள்.

வாங்கும்போது கழுத்தில் ஒட்டியிருக்கும் சான்று முத்திரையைப் பாருங்கள். 1973-இலிருந்து இந்த நாட்டில் ஒயின் எந்த இடத்தது என்று சான்றளிக்கும் முறை இருக்கிறது. லேபிளில் ஒரு திராட்சையின் பெயரோ வருடமோ போட்டிருந்தால் குறைந்தது 85 சதவீதம் அதுவாக இருக்க வேண்டும். பண்ணைத் தொழிலாளர்களுக்கு நியாயமான நிலைமை இருக்கிறதா என்று சோதிக்கும் வியெட்டா முத்திரையும் உண்டு. எனக்கு இது முக்கியம். கேப் ஒயின் பண்ணைகளில் கூலியின் ஒரு பகுதியை மலிவான ஒயினாகவே ஊற்றிக் கொடுத்த 'டாப்' முறை தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களைச் சீரழித்தது. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அதற்கும் முன்பே சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகளாகக் கேப்புக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் இருந்தார்கள். நியாய விலை என்று பேசும்போது நம் பர்ஸை மட்டும் நினைத்தால் போதாது.

நான்காவது: டிக்கெட் விலை

பக்கத்து உணவகம் என்ன வாங்குகிறது என்று பார்த்து விலை வைக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து வாட் வரி சேர்க்காத செலவுகளை எழுதுங்கள். உதாரணத்துக்கு எங்கள் கணக்கு மாதிரி ஒன்று.

17 பாட்டில், சராசரியாக 110 ராண்ட் என்றால் 1,870. முப்பதால் வகுத்தால் தலைக்கு 62. உணவுப் பொருள் 120. அன்று மட்டும் கூடுதலாக வரும் நான்கு பேருக்கு ஆளுக்கு 400 கூலி, தலைக்கு 53. ஒருவருக்கு மூன்று கிளாஸ், வாடகை 4 ராண்ட் வீதம் 12. ஐஸ், உடைசல் 10. மெனு அச்சு 5. கூட்டினால் 262. உணவகத்தின் வாடகை, மின்சாரம், லாபம் எல்லாவற்றுக்கும் தலைக்கு 105 சேர்த்தால் 367. அதன் மேல் 15 சதவீத வாட் போட்டால் 422. டிக்கெட் 425 ராண்ட்.

இங்கே கவனியுங்கள்: விருந்து முழுவதிலும் ஒயினுக்கு ஆன செலவு தலைக்கு 62 ராண்ட்தான். உணவின் பாதி. "ஒயின் இருக்கிறதே, அதனால்தான் இவ்வளவு விலை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒயின் குடிக்காதவர்களுக்குத் தனி டிக்கெட் கட்டாயம் வேண்டும். நம் குடும்பங்களில் ஒரு மேசைக்கு இரண்டு பேராவது குடிக்க மாட்டார்கள், அவர்களிடம் அதே காசு வாங்குவது அநியாயம். 425-இல் ஒயினையும் கிளாஸ் வாடகையையும் வரியோடு கழித்தால் 340. குளிர்ந்த ரூய்போஸ் தேநீருக்கு 10 சேர்த்து 350 வாங்குகிறோம்.

முன்பணம் வாங்கலாம். ஆனால் வர முடியாதவரிடம் முழுத் தொகையையும் பிடித்துக்கொள்ளாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முன்பதிவை ரத்து செய்ய வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. நீங்கள் பிடிக்கலாம், அது நியாயமான தொகையாக இருக்க வேண்டும். மூன்று நாள் முன்பு சொன்னால் முழுவதும், ஒரு நாள் முன்பு சொன்னால் பாதி திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கம். வீட்டில் துக்கம் என்றால் எதையும் பிடிப்பதில்லை.

ஐந்தாவது: பாட்டிலின் விலை

இதுதான் மாமாவைத் துரத்திய இடம். பல உணவகங்களில் ஒரே வாய்ப்பாடு: வாங்கின விலை பெருக்கல் மூன்று. 80 ராண்ட் ஒயின் வரியோடு 276 ஆகும். 300 ராண்ட் ஒயின் 1,035 ஆகும். இரண்டையும் குளிர வைக்க ஒரே ஐஸ், திறக்க ஒரே கை, கழுவ ஒரே கிளாஸ். முதல் பாட்டிலில் 160 சம்பாதிக்கும் உணவகம் இரண்டாவதில் 600 சம்பாதிக்கிறது, செய்த வேலை அதேதான். விளைவு என்ன? நல்ல ஒயினை யாரும் கேட்பதில்லை, அது அலமாரியில் தூசி படிந்து நிற்கிறது, எல்லோரும் பட்டியலில் மலிவானதையே குடிக்கிறார்கள்.

நாங்கள் மடங்கை விட்டுவிட்டு ராண்டில் கூட்டுகிறோம். வாங்கின விலை 100 ராண்ட் வரை என்றால் 100 கூட்டு. 100-க்கு மேல் 200 வரை 130. அதற்கு மேல் 170. விலை ஏற ஏற முடங்கும் பணமும் உடைந்தால் வரும் நஷ்டமும் கூடுவதால் இந்தச் சிறிய ஏற்றம். அப்படிப் பார்த்தால் 80 ராண்ட் பாட்டில் வரியோடு 207, 150 ராண்ட் பாட்டில் 322, 300 ராண்ட் பாட்டில் 540. சாப்பிட வருபவர் லேபிளைப் போனில் படம் பிடித்துக் கடை விலையைப் பார்க்கட்டும், நமக்கு முகம் சுருங்காது. இந்த முறைக்கு மாறின பிறகு அந்த 300 ராண்ட் ஒயினே முதலில் தீர்கிறது. ஒரு பாட்டிலில் 170 லாபம் வந்து அது விற்றும் போவது, 600 லாபத்தை எழுதிவைத்துவிட்டு அலமாரியில் பார்த்துக்கொண்டிருப்பதைவிட மேல். உணவகக்காரர் இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஆறு மாதம் பிடித்தது. கணக்கு நோட்டைக் காட்டித்தான் ஒத்துக்கொள்ள வைத்தேன்.

கிளாஸ் கணக்கு இப்படி: பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். திறந்த பாட்டிலில் கொஞ்சம் வீணாகும், அதனால் பாட்டில் விலையை நாலரையால் வகுக்கிறோம். 207 ராண்ட் பாட்டில் என்றால் கிளாஸ் 46. முதல் கிளாஸிலேயே முழு பாட்டிலின் காசையும் எடுக்கும் பழக்கம் உண்டு, அதைச் செய்யாதீர்கள்.

பட்டியலில் போடும் விலை வரியோடு சேர்ந்த விலையாகத்தான் இருக்க வேண்டும், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஒரே பொருளுக்கு மெனுவில் ஒரு விலையும் சுவரில் இன்னொரு விலையும் இருந்தால், குறைந்ததைத்தான் வாங்க முடியும். பழைய மெனு தாள்களை அன்றே கிழித்துவிடுங்கள். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருபவர்களுக்குக் கார்கேஜ் 60 ராண்ட் வைத்திருக்கிறோம். மகள் பிறந்த வருடத்து ஒயினைப் பத்திரப்படுத்தி எடுத்துவருபவரிடம் அதைக்கூட வாங்க எனக்கு மனம் வராது.

ஆறாவது: அந்த இரவு

சூட்டைப் பற்றி முதலில். 'அறை வெப்பம்' என்பது ஐரோப்பாவின் கல் வீடுகளுக்குச் சொன்னது, டர்பனுக்கு இல்லை. வெள்ளையும் ரோஸேயும் 8 முதல் 10 டிகிரி, மெல்லிய சிவப்பு 14 டிகிரி. வாளியில் பாதி ஐஸ் பாதி தண்ணீர் போட்டு ஒரு கைப்பிடி உப்பைத் தூவினால் இருபது நிமிடத்தில் வெள்ளை தயார். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் நேரமாகும்.

விருந்துக்கு முன் பரிமாறுபவர்களை உட்கார வைத்து, அதே கிளாஸில் 75 மில்லி தண்ணீரை அளந்து ஊற்றிக் காட்டுங்கள். எங்கே நிற்கிறது என்று கண் பழகட்டும். எல்லோருக்கும் ஒரே அளவு என்பதும் நியாய விலையில் சேர்ந்தது. ஒவ்வொரு ஒயினையும் அவர்களுக்கும் ஒரு வாய் கொடுத்துவிடுங்கள், ருசி தெரியாமல் யாரும் நம்பிக்கையோடு பேச முடியாது.

உணவு மேசைக்கு வருவதற்கு ஒரு நிமிடம் முன்பு ஒயின் கிளாஸில் இருக்க வேண்டும். முதல் வாய் ஒயினை மட்டும், அப்புறம் ஒரு வாய் குழம்பு, திரும்ப ஒயின். இதைச் சொல்ல இரண்டு நிமிடப் பேச்சு போதும். பிளம் பழ வாசனை, ஈட்டி மர வாசனை என்று கால் மணி நேரம் பேசுபவரை அழைக்காதீர்கள், பிரியாணி ஆறிவிடும்.

மேசை மேல் ஒரு அட்டை வையுங்கள். அதில் ஐந்து ஒயினின் பெயர், பண்ணை, வருடம், உணவகத்தில் பாட்டில் விலை, கிளாஸ் விலை. யாரும் வெட்கப்பட்டுக்கொண்டு விலை கேட்க வேண்டியிருக்காது. ஒரு விருந்தில் ஒரு அத்தை அட்டையைக் கண்ணாடி போட்டு முழுக்கப் படித்துவிட்டு, "தம்பி, இது பண்ணையில் என்ன விலை?" என்றார். சொன்னேன். "அப்போ இவ்வளவுதான் வைத்திருக்கிறீர்களா?" என்று இன்னொரு கிளாஸ் கேட்டார்.

பிடித்த ஒயினை வீட்டுக்கு வாங்க விரும்புவார்கள். உணவகத்தின் உரிமம் அங்கேயே குடிப்பதற்குத்தான், பாட்டிலாக விற்றனுப்ப முடியாது. பண்ணைக்கு நேராக ஆர்டர் கொடுக்கும் படிவத்தை வைத்துவிடுங்கள், அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். இதில் நாங்கள் கமிஷன் வாங்குவதில்லை.

வண்டி விஷயத்தில் கறாராக இருங்கள். இங்கே ஓட்டுநர் இரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம் ஆல்கஹாலை எட்டினாலே குற்றம். நாங்கள் ஊற்றும் 340 மில்லி பலரை அதற்கு மேல் கொண்டுபோய்விடும். முன்பதிவின்போதே "யார் ஓட்டுவது?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். அந்த ஆளுக்கு 350 ராண்ட் டிக்கெட். சாட்ஸ்வொர்த் போகிறவர்களை ஒரு வண்டியிலும் ஃபீனிக்ஸ் போகிறவர்களை இன்னொன்றிலும் சேர்த்துவிட்டால் டாக்ஸி செலவும் பங்காகிவிடும்.

கடைசியாக, மறுநாள் காலை

கணக்கை ஆறப் போடாதீர்கள். எத்தனை பாட்டில் திறந்தது, எத்தனை திரும்பிப் போகிறது, எந்த ஒயின் கிளாஸில் மிச்சம் நின்றது என்று எழுதுங்கள். மிச்சம் நின்றதுதான் உண்மையான விமர்சனம், வாயால் எல்லோரும் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். எங்கள் இரண்டாவது விருந்தில் ரோஸே பாதிக் கிளாஸாக நின்றது. சுகர் பீன்ஸில் அன்று தக்காளி கூடிப் புளிப்பு ஏறியிருந்தது, ஒயின் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. அடுத்த முறை எல்ஜின் பகுதியின் ரீஸ்லிங் என்னும் புளிப்பான வெள்ளை ஒயினை வைத்தோம், கிளாஸ்கள் காலியாக வந்தன.

வேலை செய்தவர்களுக்கு டிப்ஸ் முழுவதும் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். பிறகு மீதி பணத்தில் தலைக்கு 105 என்று போட்ட கணக்கு சரியாக வந்ததா என்று பாருங்கள். கூடுதலாக வந்திருந்தால் அடுத்த டிக்கெட்டில் 10 ராண்ட் குறையுங்கள், ஏன் குறைத்தோம் என்று அட்டையிலேயே ஒரு வரி எழுதுங்கள். இந்த ஜூலை விருந்துக்கு மாமாவுக்கு நானே அட்டையை அனுப்பியிருக்கிறேன், விலையோடு.